கடதாசி சுற்றிய கெக்கரிக்காய்

சென் ஜேம்ஸ் ரவுண்,
ரொறன்ரோ.
3.3.1996

அன்புள்ள ஸ்டெபனியின் அப்பாவுக்கு,

மாதாவின் காவலில் நானும் பிள்ளையும் சுகம். நீங்கள் நல்ல சுகமாய் இருப்பதாகக் கேள்விப்பட்டேன். அதைப் பற்றித்தான் இந்தக் கடிதம்.

நேற்று லெமிங்டனில் இருந்து அகஸ்ரின் தன் வான் வண்டியில் நீங்கள் அனுப்பிய கெக்கரிக்காய்ப் பெட்டியைக் கொண்டுவந்தார். இந்தப் பனிக்குள் இந்த நாட்டில் விளைந்த காய் தேடி நான் பார்லிமன்ற் தெருக் கடையெல்லாம் ஏறி இறங்கியவள். எல்லாம் மெக்சிக்கோவில் இருந்து வந்து தோல் சுருங்கிக் கிடக்கிறவை. அங்கே நீங்கள் வேலை செய்யும் கண்ணாடிக் கூரைத் தோட்டத்துக் காய் ஒன்றாவது கண்ணில் படாதா என்றுதான் தேடினேன். பெட்டியைக் கண்டதும் சந்தோஷப்பட்டேன், ஏன் பொய் சொல்ல வேணும்.

திறந்தால் ஒவ்வொரு காயும் கடதாசியில் பக்குவமாய்ச் சுற்றியிருக்கிறது. சட்டை மடிக்கத் தெரியாத மனிசன் இதைச் சுற்றினாரா என்று அகஸ்ரினைக் கேட்டேன். அவர் கள்ளமில்லாமல், அது அன்ரனெற் சுத்தினது அக்கா, அண்ணை குடுத்துவைச்சவர், தவக்கால வெள்ளியெண்டால் மரக்கறிச் சோறு அவவின்ரை வீட்டிலைதான் என்றார். உங்களோடு காய் அடுக்கும் மன்னார்ப் பிள்ளை என்று நீங்கள் ஒருதரம் எழுதினீர்களே, அவதானே?

கலியாணம் கட்டிய நாள் தொடக்கம் தவக்கால வெள்ளியில் என் சோற்றுக்கு முகம் சுழித்தவர் நீங்கள். மீன் இல்லாமல் இறங்காது என்று எனக்குத் தெரியாமல் கருவாடு பொரித்துத் தின்றவர். இப்போது அவவின் வீட்டில் எப்படி இறங்குகிறது? எனக்கு எரிச்சல்தான். எழுத வெட்கமில்லை.

பெட்டியைத் தூக்கிப் பக்கத்து வீட்டுக் குணவதிக்குக் கொடுத்துவிட்டேன். அப்பா பிடுங்கின காய் என்று ஸ்டெபனி அழுத அழுகையில் திரும்பப் போய் ஒன்று கேட்டு வாங்கினேன். குணவதி என்ன நினைத்தாவோ தெரியாது. வெட்டிப் பிள்ளைக்குக் கொடுத்துவிட்டு நானும் ஒரு துண்டு வாயில் போட்டேன். கசக்கவில்லை. கசந்திருந்தால் ஆறுதலாய் இருந்திருக்கும்.

இனிப் பெட்டி அனுப்ப வேண்டாம். வருகிற வெள்ளிக்கு அகஸ்ரினின் வானில் நீங்கள் ஏறுங்கள். இங்கே வாடின மரக்கறிதான், என் கைப் பக்குவம்தான். முகம் சுழித்தாலும் பரவாயில்லை, என் முன்னால் இருந்து சுழியுங்கள். ஆண்டவர் உங்களைப் பத்திரமாய்க் கொண்டுவந்து சேர்க்கட்டும். வெறுங்கையோடு வாருங்கோ.

உங்கள்,
கிளடிஸ்