சிப்பாய் தொட்ட பல்

2008 பெப்ரவரி 12, செவ்வாய். கண்டி.

மரபணு ஆய்வுக்கு வைத்திருந்த பழைய பல் இன்று பாழாகிவிட்டது. வெளிநாட்டு ஆய்வுகூடத்துக்கு அனுப்பக் கொழும்புக்குக் கொண்டுபோனேன். கடுகண்ணாவைச் சோதனைச்சாவடியில் அடையாள அட்டையில் தமிழ்ப் பெயரைப் பார்த்ததும் என்னை மட்டும் பஸ்ஸிலிருந்து இறக்கினார்கள். தொடவேண்டாம் என்று கெஞ்சக் கெஞ்ச ஒரு சிப்பாய் முத்திரையைக் கிழித்துப் பல் இருந்த குழாயைத் திறந்தான்.

"யார்ட பல்லு?" என்று அரைகுறைத் தமிழில் கேட்டான்.

"ரெண்டாயிரம் வருசத்துக்கு முந்தின ஆளின்ர."

"சிங்களமா, தமிழா?"

"தெரியாது."

சிரித்தான். வெறுங்கையில் பல்லை உருட்டி, தூசி போக ஊதியும் பார்த்தான்.

பல்லைத் தொட்டவர் எல்லோரும் சோதனைக்குத் தங்கள் எச்சிலைக் கொடுக்க வேண்டும் என்பது எங்கள் விதி. அப்போதுதான் பல்லில் ஒட்டிய அவர்களுடைய மரபணுவைப் பழையதிலிருந்து பிரித்தறியலாம். திரும்பி வந்து சொன்னதும், கூட வேலை செய்யும் பரீத், "அவன்ட வாயையும் தொறக்கச் சொல்லியிருக்கலாமே மச்சான்," என்றான். இருவரும் சிரித்தோம். பிறகு அவன் என் முகத்தைப் பார்க்கவில்லை.

மூன்று வருடம் தோண்டிக் கிடைத்த ஒரே பல். வேறு யாரும் தொடவில்லை என்று பல்லோடு அனுப்பும் படிவத்தில் எழுதினால் இன்னும் அனுப்பலாம், என் ஆராய்ச்சிப் பட்டமும் கிடைக்கும். ஆனால் இரண்டாயிரம் வருடத்து மனிதன் என்று அந்தச் சிப்பாயின் மரபணுவைத்தான் அச்சடிப்பார்கள். படிவம் மேசையில் வெறுமையாகக் கிடக்கிறது.