ஆறு நாற்பத்தொன்றுக்கு அறுந்த கோடு

மோசுல்
ஜூன் 23, திங்கள், காலை 6.10

என் கண்ணான நிப்ராஸுக்கு,

நீயும் மாப்பிள்ளை ஸர்மதும் அங்கே நல்ல உடம்போடும் நிம்மதியோடும் இருக்க இறைவன் அருள்வானாக. இங்கே உன் அம்மா சுகமாக இருக்கிறாள். கோபத்தில் நீ இதற்கு மேல் படிக்காமல் விட்டாலும் அந்த ஒன்று தெரிந்திருக்கட்டும் என்று அதை முதலிலேயே எழுதிவிட்டேன். ஆறு ஐந்துக்கு விரலில் குத்திப் பார்த்தேன், சர்க்கரை 126. உன் ஊர்க் கணக்கில் சரியாக ஏழு. நானும் சுகம்தான், முழங்கால் மட்டும் பழையபடி.

சனிக்கிழமை காலை ஆறு நாற்பத்தொன்றுக்கு உன் போன் திரையில் அம்மாவின் சர்க்கரைக் கோடு அறுந்ததே, அதற்குக் காரணம் நான். மின்சாரம் போகவில்லை, ஜெனரேட்டர் நிற்கவில்லை, தெருவுக்கு நெட் கொடுக்கும் முயஸ்ஸர் நம் மாடியில் வைத்த தட்டிலும் கோளாறு இல்லை. ரவுட்டரைச் சுவரிலிருந்து பிடுங்கினேன். நீ சாதா போனில் மூன்று முறை அழைத்தபோது நான் வாசலில் நின்றுகொண்டிருந்தேன், எடுக்க முடியவில்லை. நான்காம் முறை அம்மா எடுத்து நூற்றுப் பதினெட்டு, பதறாதே என்று சொன்னாள், பிறகு நீ என்னைக் கேட்டாய். "யும்மாவைவிட உங்களுக்குப் பரீட்சை பெரிசாப் போச்சா பாபா" என்றாய். அப்புறம் பேசுகிறேன் என்று சொல்லி வைத்துவிட்டேன். அதற்குப் பிறகு இரண்டு நாளாக நீ அம்மாவிடம் மட்டும் பேசுகிறாய். உன்னைக் குறை சொல்லவில்லை. போனில் எனக்குப் பதில் எப்போதும் தாமதமாகத்தான் வரும் என்பது உனக்குத் தெரியும், வைத்த பிறகுதான் சொல்ல வேண்டியது நினைவுக்கு வரும். முயஸ்ஸரின் அக்கா வியாழக்கிழமை உன் ஊர் மால்மோவுக்குத் திரும்புகிறாள், அவள் கையில் கொடுத்தனுப்பலாம் என்று எழுத உட்கார்ந்தேன். ஆறிலிருந்து எட்டு வரை நாடு முழுக்க நெட் கிடையாது, இன்று வேதியியல் தேர்வு, தாள் கசியாமலிருக்க அறுத்துவிட்டார்கள். எழுதுவதற்குத் தோதான நேரம்தான்.

நடந்ததை வரிசையாகச் சொல்ல வேண்டுமானால் பதினான்காம் தேதியிலிருந்து தொடங்க வேண்டும். அன்றைக்கு அம்மாவுக்குச் சர்க்கரை 52க்கு இறங்கியதை உன்னிடம் சொன்னேன், ஆனால் பாதிதான் சொன்னேன். நெட் இல்லாததால் அம்மாவின் கையில் ஒட்டியிருக்கும் சர்க்கரைக் கருவி எச்சரிக்கவில்லை என்று நீயாக எண்ணிக்கொண்டாய், நான் திருத்தவில்லை. உண்மை அதுவல்ல. நெட் இருந்தாலும் இல்லாவிட்டாலும் அந்தக் கருவி அம்மாவின் போனில் அலறும். அலறாதபடி அணைத்து வைத்தது நான். ஏப்ரலில் ஹாஜி யூனுஸ் வீட்டு மௌத்துக்குப் பெண்கள் ஃபாத்திஹா ஓதிக்கொண்டிருந்தபோது அது அம்மாவின் கைப்பைக்குள்ளிருந்து கத்தியிருக்கிறது. யாரோ ஒருத்தி "மையத்து வீட்டுல என்னடி போலீஸ் வண்டி" என்று கேட்டிருக்கிறாள், இரண்டு பேர் சிரித்துவிட்டார்கள். வீட்டுக்கு வந்த அம்மா போனை என் மடியில் போட்டு, "இதோட வாயை மூடுங்க. இறங்குனா நிப்ராஸ் கூப்பிடுவா, அது போதும்" என்றாள். எனக்கும் அது போதும் என்றே தோன்றியது. உன் திரையில் கோடு இறங்கிய மூன்றாவது நிமிடம் உன் அழைப்பு வந்துவிடும், ஒருநாள்கூடத் தவறியதில்லை. அம்மாவின் கையிலேயே இருக்கிற கருவியை ஊமையாக்கிவிட்டு, மூவாயிரம் கிலோமீட்டருக்கு அப்பால் இருக்கிற உன்னை அலாரமாக வைத்துக்கொண்டோம். தேர்வு நாட்களில் நெட் அறுப்பார்கள் என்று தெரிந்திருந்தும் இந்த இரண்டையும் நான் சேர்த்துப் பார்க்கவில்லை. நாற்பது வருடம் பிள்ளைகளுக்குப் பூகோளம் சொல்லிக்கொடுத்தவனுக்கு வந்த புத்தி இது.

இன்னொன்றும் உண்டு. அந்த நேரத்தில் நான் வீட்டில் இல்லை. ரொட்டி வாங்கப் போயிருந்தேன் என்று சொன்னேன், போனது உண்மைதான், ஆனால் கையில் சமூன் ரொட்டியோடு நம் பகுதித் தலைவர் முக்தார் வீட்டில் நுழைந்துவிட்டேன். தேர்வுக் காலத்தில் நெட்டை அறுப்பதை நிறுத்தக் கூடாது என்று மஹல்லா சார்பில் ஒரு மனு எழுதி வைத்திருந்தார், எட்டு மணிக்குக் கொண்டுபோய்க் கொடுக்க வேண்டுமாம். "உஸ்தாத், இருபத்தாறு வருஷம் தேர்வு மையத்துத் தலைவரா இருந்தவர் நீங்க, உங்க கையெழுத்து மேல இருக்கணும். அப்படியே இலக்கணத்தையும் ஒரு பார்வை பாருங்க" என்றார். மறுக்கத் தெரியாதவன் நான், நாலு பிழை திருத்தினேன், கையெழுத்தும் போட்டேன். ஆனால் மறுக்கத் தெரியாததால் மட்டும் போட்டேன் என்று சொன்னால் அது இன்னொரு பொய். என் தேர்வு மண்டபத்தில் ஒரு வருடம் மூன்று பையன்கள் போன் வைத்திருந்ததற்காக நூற்று நாற்பத்து மூன்று பேரின் தாளையும் ரத்து செய்தார்கள். ஆகஸ்ட் வெயிலில் திரும்ப எழுத வந்தவர்கள் தொண்ணூற்றாறு பேர். மற்றவர்கள் எங்கே போனார்கள் என்று எனக்கு இன்றுவரை தெரியாது. அதைவிட இரண்டு மணி நேரம் நெட் இல்லாதிருப்பதே மேல் என்று நினைத்தேன். ரொட்டிக்கடை வரிசையில் ஆட்கள் கத்துவதையும் கேட்கிறேன், "ஒருத்தன் சிகப்பு விளக்கைத் தாண்டினா ஊர்ல எல்லார் வண்டியிலயும் பெட்ரோலை உறிஞ்சுவாங்களா" என்று ஒரு டாக்சிக்காரன் கேட்டான், எல்லோரும் சிரித்தார்கள். அவன் கேட்டது நியாயம் என்று தோன்றியும் கையெழுத்துப் போட்டேன்.

அம்மா இன்சுலினைப் போட்டுக்கொண்டு ரொட்டிக்காகக் காத்திருந்தாள். பக்கத்து வீட்டு யுஸ்ரா தன் மகள் ஷஹதைத் தேர்வுக்கு அனுப்பிவிட்டு, நல்லபடியாகத் திரும்பட்டும் என்று அவள் போன தடத்தில் ஒரு செம்பு தண்ணீரை ஊற்றிவிட்டு, வழக்கம்போலச் சுவருக்கு அந்தப் பக்கமிருந்து "உம்மு நிப்ராஸ், துஆ செய்" என்று குரல் கொடுத்திருக்கிறாள். அம்மா பதிலுக்கு "சீக்கிரம் செம்பைக் கழுவு" என்றாளாம். அந்தப் பதில் யுஸ்ராவுக்குச் சரியாகப் படவில்லை. ஓடிவந்து பார்த்தால் அம்மா வேர்த்து நனைந்து, ஃபிரிட்ஜைத் திறந்து வைத்துக்கொண்டு அதற்கு ஸலாம் சொல்லிக்கொண்டிருந்திருக்கிறாள். பேரீச்சம்பாகை விரலால் எடுத்து அவள் பல் ஈறில் தடவியது யுஸ்ரா. நான் சமூனோடு நுழைந்தபோது அம்மா அழுதுகொண்டும் சிரித்துக்கொண்டும் இருந்தாள். அன்றைக்கே அலாரத்தின் வாயைத் திறந்துவிட்டேன். அதையும் உன்னிடம் சொல்லவில்லை, சொன்னால் அணைத்து வைத்ததையும் சொல்ல வேண்டிவருமே.

சொல்லாததன் விளைவுதான் அடுத்தது. நீ பயந்துபோய் அங்கிருந்தபடியே முயஸ்ஸரிடம் பேசினாய், அவன் வியாழக்கிழமை நம் மொட்டை மாடியில் ஒரு செயற்கைக்கோள் தட்டை வைத்துவிட்டுப் போனான், நெட் வானத்திலிருந்து நேரே இறங்கும், எட்டு மணிக்கு முன்னாலும் ஓடும் என்றான். "உஸ்தாத், யாருக்கும் தெரிய வேண்டாம், உம்மு நிப்ராஸுக்காக மட்டும்" என்றான். நான் வேண்டாம் என்று சொல்லியிருக்க வேண்டும். கருவியில் குறை இல்லை, என்னிடம்தான் குறை என்று உனக்கு அன்றைக்கே எழுதியிருக்க வேண்டும். இரண்டையும் செய்யவில்லை.

சனிக்கிழமை கணக்குத் தேர்வு. ஆறு இருபதுக்கு உன் குரல் செய்தி வந்தது, அம்மாவுக்குக் காது மந்தம் என்பதால் உரக்க வைத்துக் கேட்டாள். ஆறு முப்பத்தைந்துக்குக் கதவு தட்டப்பட்டது. யுஸ்ரா, வீட்டு உடையிலேயே, தலையில் துண்டை அள்ளிப் போட்டுக்கொண்டு வந்திருந்தாள். "உஸ்தாத், உங்க வீட்டுல நெட் இருக்கு. 'யும்மா, எழுந்தியா, மருந்து போட்டியா'ன்னு நிப்ராஸ் கேக்குறது எனக்குச் சுவத்துல கேட்டுச்சு. மால்மோவுல இருந்து கத்தினா இங்க கேக்குமா" என்றாள். மேலும் சொன்னாள்: "கணக்குத் தாள் ராத்திரியே வெளிய வந்துடுச்சாம். பின்தெருப் பொண்ணுங்க அத்தனை பேரும் பார்த்துட்டாளுங்களாம். என் பொண்ணு மட்டும் பார்க்காம போய் உக்காரணுமா. ஏழேகாலுக்குக் கிளம்பணும். அஞ்சு நிமிஷம் குடுங்க, ஒரு படம் இறங்கினா போதும்." அது பொய்த்தாளாகத்தான் இருக்கும், வருடா வருடம் இப்படித்தான் ஒன்று சுற்றும் என்றேன். "பொய்யா இருந்தா பொய்யுன்னு பார்த்துட்டுப் போறேன், உங்களுக்கு என்ன போச்சு" என்றாள். மனுவில் எனக்கு அடுத்த கையெழுத்து அவளுடையது. அதை நானும் சொல்லவில்லை, அவளும் சொல்லவில்லை. பாகு தடவி அம்மாவை மீட்டதையும் அவள் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும், கோபமாவது வந்திருக்கும். என் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

உள்ளே போனேன். ரவுட்டரைப் பிடுங்கினேன். சுவர்க் கடிகாரம் ஆறு நாற்பத்தொன்று காட்டியது. திரும்பி வந்து, இந்த வீட்டில் நெட் இல்லை யுஸ்ரா என்றேன். என் கையைப் பார்த்தாள், அதில் தூசி இருந்தது. "இப்ப இல்ல" என்றாள். "இப்ப இல்ல உஸ்தாத், சரி." அவ்வளவுதான், போய்விட்டாள். நீ அழைத்துக்கொண்டே இருந்தது அந்த நேரத்தில்தான்.

செய்தது சரியா என்று என்னைக் கேட்காதே, எனக்கே தெரியவில்லை. என் மனைவியின் உயிரைக் காத்த பெண்ணுக்கு ஐந்து நிமிடம் கொடுக்காதவன் நான். கொடுத்திருந்தால் ஏழு மணிக்குள் தெருவே நம் வாசலில் நின்றிருக்கும் என்றும் தெரியும். ஆனால் அம்மாவைப் பணயம் வைத்தேன் என்று மட்டும் நினைக்காதே, மகளே. அலாரத்தின் வாய் திறந்திருந்தது. விரல் குத்தும் ஊசியும் பாகுப் புட்டியும் மேசைமேல் இருந்தன. எட்டு மணி வரை கால் மணிக்கொரு தரம் குத்தினேன், அம்மா "எட்டு மணிக்குள்ள என்னைச் சல்லடையாக்கிடுவீங்க" என்றாள். இதெல்லாம் உனக்குத் தெரியாமல் போனது நான் மறைத்ததால். உன் கேள்விக்குப் பதில் அதுதான், பரீட்சை பெரிதாகப் போகவில்லை, எனக்கு உன்னிடம் தலைகுனிவதுதான் பெரிதாகப் போயிற்று.

நேற்று முயஸ்ஸரை அழைத்துத் தட்டைக் கழற்றச் சொன்னேன். "இதுவும் ஒரு தப்பா உஸ்தாத், ஊருல எத்தனை வீட்டுல போட்டிருக்கேன் தெரியுமா" என்றான். அதைச் சொல்லாதே, தெரிந்தால் நான் அதிகாரிகளுக்கு எழுதிக்கொடுக்க வேண்டிவரும் என்றேன். அதற்குப் பிறகு வேகமாகக் கழற்றினான். முக்தாரிடமும் போனேன். கையெழுத்தைத் திரும்பக் கேட்கவில்லை, மனு போய்விட்டது, கேட்கவும் எனக்கு இன்னும் மனம் இரண்டாக இருக்கிறது. தனியாக ஒரு தாள் கொடுத்தேன், அந்த இரண்டு மணி நேரத்தில் எந்த வீட்டில் என்ன நின்றுபோகிறது என்று அறுப்பவர்கள் முன்கூட்டியே கேட்டு எழுதிக்கொள்ள வேண்டும் என்று, பதினான்காம் தேதி நம் வீட்டில் நடந்ததையும் நேரத்தோடு சேர்த்து. முக்தார் படித்துவிட்டு, "இது இந்த மனுவுக்கே எதிரா இருக்கே" என்றார். இருக்கலாம், இரண்டும் என் கையெழுத்துதான் என்று சொல்லிவிட்டு வந்தேன். 

இதையெல்லாம் அம்மாவிடம் படித்துக்காட்டினேன். "நீங்களும் உங்க மகளும் என் சர்க்கரைக்காக அடிச்சுக்கிறீங்க, என்கிட்ட ஒருத்தரும் கேக்கல" என்றாள். சரி, என்ன செய்யலாம் என்று கேட்டேன். தேர்வுகள் முடியும்வரை ஷஹத் கிளம்பியதும் அம்மா யுஸ்ரா வீட்டில் போய் உட்காரப் போகிறாளாம், போனையும் பாகுப் புட்டியையும் எடுத்துக்கொண்டு. "அந்த ரெண்டு மூணு மணி நேரம் அவளுக்கும் இருப்புக் கொள்ளாது. எனக்கும் ஆள் வேணும்" என்றாள். சனிக்கிழமைக்குப் பிறகு யுஸ்ரா சுவருக்கு அந்தப் பக்கமிருந்து ஒரு வார்த்தை பேசவில்லை, இன்று காலை தண்ணீர் ஊற்றும் சத்தம் கேட்டது, குரல் வரவில்லை. கதவைத் திறக்காவிட்டால் என்ன செய்வாய் என்றேன். "அப்ப வாசப்படியில உக்காருவேன். எத்தனை நேரம் பார்த்துக்கிட்டு இருப்பா" என்று சொல்லிவிட்டு ஏழு இருபதுக்குப் போனாள்.

இப்போது ஏழு முப்பத்தெட்டு. மூன்று முறை கதவு தட்டும் சத்தம் கேட்டது, பிறகு ஒன்றும் கேட்கவில்லை. ஜன்னலிலிருந்து யுஸ்ராவின் வாசற்படி தெரிகிறது. எழுந்துபோய் இரண்டு முறை பார்த்துவிட்டேன். படியில் யாரும் இல்லை.

இன்னும் மூன்று தேர்வுகள், 25, 28, 30, கடிதம் உன் கைக்கு வரும்போது இரண்டுதான் மிச்சம். அந்த நாட்களில் உனக்கு ஐந்திலிருந்து ஏழு மணி வரை கோடு இருக்காது, இருக்காது என்று தெரிந்தே இரு, பயப்படாதே. உன் வேலையில் பரக்கத்தும், உடம்பில் வலுவும், வீட்டில் சிரிப்பும் குறையாமல் இருக்க உன் அம்மாவும் நானும் ஒவ்வொரு தொழுகையிலும் கேட்கிறோம். ஸர்மதுக்கு என் ஸலாம். அடுத்த சென்சார் பெட்டியை முயஸ்ஸரின் அக்கா திரும்பி வரும்போது கொடுத்தனுப்பு, வெயிலில் வைக்க வேண்டாம் என்று அவளிடம் சொல்லு. இதைப் படித்து முடித்ததும் கூப்பிடு. அம்மாவை இல்லை, என்னை. பதில் சொல்லக் கொஞ்சம் தாமதமானாலும் வைத்துவிடாதே.

உன் தந்தை,
தன்னூன்