பராக்குக் காட்டும் வேலை

மார்ச் 4
எங்கள் பல் மருத்துவமனையில் ஊழியர் எல்லாருக்கும் ஒரு படிவம் கொடுத்தார்கள். 'உங்கள் பணி என்ன?' டாக்டர் ஊசியை எடுக்கும்போது குழந்தைகள் அதைப் பார்த்துவிடாமல் செய்வதுதான் ஏழு வருடமாக என் வேலை. 'பராக்குக் காட்டுதல்' என்று எழுதினேன். டாக்டர் அதை அடித்துவிட்டு 'கவன மேலாண்மை' என்று திருத்தினார். ஒரே நாளில் பெரிய ஆளாகிவிட்டேன்.

மார்ச் 5
வீட்டுக்காரர் தமிழ் வாத்தியார். விடுவாரா? அரசர் வரும்போது கட்டியக்காரன் 'பராக்! பராக்!' என்று கூவுவானாம். கவனி என்று அர்த்தம். நம் வாயில் விழுந்ததும் அதுவே கவனிக்காதே என்றாகிவிட்டதாம். "ராஜா போயிட்டார், பராக்கு மட்டும் நிக்குது பாரு" என்றார். சொல்லிக்கொண்டே அடுப்பில் பாலைப் பொங்கவிட்டார்.

மார்ச் 11
ஒன்பது வயதுப் பெண். வலது பக்கம் ஒரு சொத்தைப் பல். நான் விரலில் பொம்மையை மாட்டி ஆட்டினேன். குழந்தை சிரித்தாள். டாக்டரும் பார்த்துச் சிரித்தார். சிரித்துக்கொண்டே இடது பக்கப் பல்லைப் பிடுங்கிவிட்டார். விழுந்து முளைத்த பல். இனி முளைக்காது.

பிறகு சொத்தையையும் எடுத்து, 'இரண்டும் சொத்தை' என்று குறித்துக்கொண்டார். என் காதருகே வந்து, "வெளியே அவங்க அம்மா இருக்காங்க. கொஞ்சம் பராக்கு காட்டும்மா." அப்போது மட்டும் மேலாண்மை வாயில் வரவில்லை.

காட்டினேன். மீன்தொட்டி, பல் துலக்கும் படம், இலவச பிரஷ். அந்த அம்மா என் கையைப் பிடித்து நன்றி சொன்னாள். ஐயோ, நன்றி சொன்னாளே!

மார்ச் 12
பொம்மையை மேஜைக்குள் வைத்துப் பூட்டிவிட்டேன்.

மார்ச் 14
'இந்த மாதத்தின் சிறந்த ஊழியர்' — நான்! கேடயம், கைதட்டல், சுவரில் என் படம். அடிப்பாவி, இப்போ உனக்கே பராக்கு காட்டுறாங்கடி. நீயும் வாயைப் பொளந்துகிட்டு நிக்கறே.

மார்ச் 15
அந்த அம்மாவுக்குப் போன் போட்டுச் சொல்லிவிட்டேன். அவள், "நீங்களும் அங்கதானே இருந்தீங்க?"
ஆமாம்.
"பொம்மை ஆட்டினது?"
நான்தான் — அதையும் சொன்னேன்.

மார்ச் 17
வந்தாள். டாக்டர் எழுந்து, "வாங்கம்மா, பாப்பாவுக்குப் புதுசா மீனெல்லாம்—"
"மீன் கிடக்கட்டும் டாக்டர். எக்ஸ்ரேயைக் காட்டுங்க."
காட்டினார். இடது பல் முத்துப்போல் இருந்தது. தவறை ஒப்புக்கொண்டு, மாற்றுப் பல் வைப்பது தன் பொறுப்பு என்று எழுதிக் கொடுத்தார். போகும்போது அவள் என்னைத் திரும்பிப் பார்க்கவில்லை. எதற்குப் பார்க்க வேண்டும்?

மாலையில் என் படத்தைக் கழற்றினார்கள். சுவருக்கு வெள்ளையடிக்கப் போகிறார்களாம்.

ஏப்ரல் 2
மூக்குக்கண்ணாடிக் கடையில் புது வேலை. கண்ணைச் சோதிக்கும் மெஷினில் தாடையை வைக்கச் சொல்லி, நாள் முழுக்க, "நேரா இங்கே பாருங்க." ஒரு பெரியவர் ஜன்னலையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"பராக்கு பார்க்காதீங்க ஐயா" என்றேன். குரல் கொஞ்சம் கறாராகத்தான் வந்தது.