ஷர்மினி அறைக்கு வாங்கிய டிவி

பிப்ரவரி 8, சனி

காலையிலேயே வீட்டில் சண்டை. பெரிய சண்டை இல்லை, டிவி சண்டை. ஷர்மினி மற்ற நாளெல்லாம் விடியுமுன்னே வேலைக்கு எல்லை தாண்டி சிங்கப்பூர் பஸ் ஏறுகிறாள், இருட்டியபின் திரும்புகிறாள். லீவு நாளில்தான் கேம் விளையாட முடிகிறது. அன்றைக்குத்தான் அவள் அப்பா லெட்சுமணனுக்கும் ஹாலில் செய்தி பார்க்கவேண்டும். "இருபத்தாறு வயசுப் பொண்ணு பொம்மைக் காடி ஓட்டிக்கிட்டு உக்காந்திருக்கு" என்று ரிமோட்டை எடுத்துக்கொண்டார்.

ஷர்மினி வயர்களைச் சுருட்டிக்கொண்டு அறைக்குள் போனாள். கொஞ்ச நேரம் கழித்து வந்து, "மா, என் ரூமுக்கு நானே ஒரு டிவி வாங்கிக்கிறேன். நாளைக்கு நீங்களும் வாங்க" என்றாள்.

என்னை எதற்குக் கூப்பிட்டாள்? டிவி பற்றி எனக்கு என்ன தெரியும். ஆனால் ஃபேக்டரி வேலை முடிந்து வீட்டில் உட்கார்ந்ததிலிருந்து வெளியே போக ஒரு சாக்குக் கிடைத்தால் போதும் என்றிருக்கிறது. சரி என்றேன்.

பிப்ரவரி 9, ஞாயிறு

தெப்ராவில் ஒரு கடை. லெட்சுமணன்தான் கொண்டுபோய் விட்டார், வேறு யார்? ஷர்மினிக்கு மோட்டார் லைசென்ஸ் மட்டும்தான். எனக்கு அதுவும் இல்லை.

கடையில் ஆப்ரின் என்று ஒரு பெண். முகம் முழுக்கச் சிரிப்பு. நேராக என்னிடம் வந்து, "ஆன்ட்டி, ஐம்பத்தஞ்சு இஞ்சு ஆஃபர்ல இருக்கு, ஹாலுக்குப் போட்டா அழகா இருக்கும்" என்றாள். "ஹாலுக்கு இல்ல, ரூமுக்கு. விளையாட" என்றாள் ஷர்மினி. அலமாரிக்கும் ஜன்னலுக்கும் நடுவே உள்ள இடத்தை அளந்து வந்திருந்தாள். நாற்பத்து மூன்றுக்கு மேல் நுழையாது.

அந்த அளவில் விலை குறைந்தது இரண்டு. ஒன்று எல்லாருக்கும் தெரிந்த பெயர். இன்னொன்றின் பெயரை என்னால் வாசிக்கவே முடியவில்லை. ஷர்மினி பையிலிருந்து தன் கேம் பெட்டியை எடுத்து, "இதுல மாட்டிப் பாக்கலாமா?" என்று கேட்டாள். ஆப்ரின் உள்ளே போய் மேனேஜரைக் கேட்டு வந்து மாட்டிவிட்டாள். ஷர்மினி இரண்டிலும் லாரி ஓட்டும் கேமை விளையாடிப் பார்த்தாள். பிறகு கண்ட்ரோலரை என் கையில் கொடுத்தாள்.

எனக்கு வெட்கமாகப் போய்விட்டது. ஆளுங்க பார்க்கிறார்கள். ஆனாலும் பிடித்தேன்.

முதல் டிவியில் நான் கையைத் திருப்புகிறேன், லாரி நேரே போகிறது. அப்புறம்தான் திரும்புகிறது. இரண்டாவதில் கையோடு திரும்பியது. "அது யோசிச்சிட்டுத் திரும்புது, இது சொன்ன உடனே திரும்புது" என்றேன். ஆப்ரின் என்னைப் பார்த்து, "அதுதான் ஆன்ட்டி லேக்குன்னு சொல்றது. நெறைய பேரு கண்டுக்கவே மாட்டாங்க" என்றாள்.

"எனக்கும் அப்படித்தான் பட்டுச்சு" என்றாள் ஷர்மினி. "உங்களுக்கும் தோணுதான்னு பாத்தேன். அப்ப இதுதான்."

பெயர் வாசிக்கமுடியாத அந்த டிவியை வாங்கினோம். கறுப்பு கொஞ்சம் சாம்பலாகத் தெரிகிறது. சத்தம் தகரடப்பாவுக்குள்ளிருந்து வருகிறது. பரவாயில்லை, ஹெட்ஃபோன் போட்டுக்கொள்வாளாம்.

வீட்டுக்கு வரும் வழியெல்லாம் லெட்சுமணன், "பேரே தெரியாத பிராண்டு, ஆறு மாசம் தாங்குதான்னு பாரு" என்றார். பின்சீட்டில் பெட்டியோடு நசுங்கி உட்கார்ந்திருந்தேன். மனசு மட்டும் நிறைந்திருந்தது. என் பேச்சைக் கேட்டு இந்த வீட்டில் ஒரு மின்சாமான் வாங்கியது இதுதான் முதல் தடவை.

பிப்ரவரி 10, திங்கள்

டிவிக்கு இரண்டு கால், இரண்டும் இரண்டு ஓரத்தில். அவள் மேசையில் நிற்கவில்லை. என் தையல் மேசை அவள் அறைக்குப் போய்விட்டது.

பிப்ரவரி 19, புதன்

ஷர்மினி அறையில் தூசி தட்டப் போனேன். தட்டிவிட்டு வந்திருக்கலாம்.

கண்ட்ரோலர் கட்டில் மேலேயே கிடந்தது. ஒரு பட்டனை அமுக்கினேன், டிவியில் லாரி வந்து நின்றது. கதவைச் சாத்தினேன். வீட்டில் யாருமே இல்லை, எதற்குச் சாத்தினேன்?

கல்யாணமான புதிதில் லெட்சுமணன் எனக்கு கார் ஓட்டச் சொல்லிக்கொடுத்தார். தம்போயில் அப்போது காலியாகக் கிடந்த ஒரு மைதானம். நான் போன வேகத்தில் கார் ஓரத்து லொங்காங்குக்குள், சாக்கடையில், இறங்கிவிட்டது. அடி யாருக்கும் இல்லை. ஆனால் ஒவ்வொரு தீபாவளிக்கும் அந்தக் கதையை விருந்தாளிகளுக்குச் சொல்லிச் சிரிப்பார். நானும் கூடச் சிரிப்பேன். அதற்குப் பிறகு ஸ்டியரிங்கைத் தொட்டதில்லை.

இன்றைக்கு லாரியை வேலியில் மோதினேன், ஆற்றில் விட்டேன், ஒரு பெட்ரோல் ஸ்டேஷனை இடித்தேன். யாரும் சிரிக்கவில்லை. மறுபடியும் ஸ்டார்ட் செய்தேன்.

பிப்ரவரி 21, வெள்ளி

இன்றைக்கும். கோழிக் குழம்பு அடிப்பிடித்துவிட்டது. கேஸ் அடுப்பு சரியில்லை என்று சொல்லிவிட்டேன்.

மார்ச் 6, வியாழன்

கஸ்தூரி அக்கா கெலாங் பாத்தாவிலிருந்து போன் செய்தாள். குளியலறையில் வழுக்கிவிட்டாளாம். "எந்திரிக்க முடியல சந்திரா, யாராச்சும் வாங்க" என்று அழுதாள். மாமா போனபிறகு தனியாகத்தான் இருக்கிறாள்.

லெட்சுமணன் ஃபேக்டரி வேனில் ஆட்களை ஏற்றிக்கொண்டு எங்கேயோ நடுவழியில். எங்கள் கார் போர்ச்சில். சாவி ஆணியில். நான் வாடகைக் காருக்காக கேட்டுக்கு வெளியே நிற்கிறேன். வருகிறேன் என்ற ஆள் வரவில்லை. அடுத்த ஆள் வருவதற்குள் எனக்கு அழுகையே வந்துவிட்டது. என்ன பொழப்பு இது — காடிய வாசல்ல வச்சிக்கிட்டு ரோட்டுல நிக்கிறேன், அங்க என் அக்கா தரையில கெடக்கிறா.

போய்ச் சேர்ந்தபோது பக்கத்து வீட்டுக்காரர்கள் தூக்கி உட்காரவைத்திருந்தார்கள். கணுக்கால் வீக்கம், எலும்பு முறிவு இல்லை. என்னைப் பார்த்ததும், "வந்துட்டியா" என்றாள். அவ்வளவுதான் கேட்டாள். எனக்குத்தான் தாங்கவில்லை.

மார்ச் 8, சனி

ஷர்மினி அறையிலிருந்து சத்தம் போட்டாள். "மா, யாரு என் லாரிய எடுத்துக்கிட்டு வேற நாட்டுக்குப் போனது?"

நான்தான் என்றேன். சிரிப்பாள் என்று நினைத்தேன். திரையை ரொம்ப நேரம் பார்த்துக்கொண்டிருந்தாள். "மலைப் பாதையில இறங்கியிருக்கீங்க மா. எனக்கே அந்த எடம் வராது." பிறகு கேமில் எனக்கென்று தனியாக ஒரு கணக்கு திறந்து, சந்திரமதி என்று முழுப்பெயரையும் அடித்துவைத்தாள். "சரி, நெஜக் காடி எப்ப?"

மார்ச் 12, புதன்

கார் ஓட்டும் பள்ளியில் பெயர் கொடுத்துவிட்டேன். சாப்பிடும்போது லெட்சுமணனிடம் சொன்னேன்.

"டிவியில லாரி ஓட்டினா லைசென்ஸ் குடுத்துருவாங்களா?"

"அத மொதல்லயே கேட்டுட்டேன். குடுக்க மாட்டாங்களாம். டெஸ்ட்டுக்குத்தான் போவணுமாம்."

ஷர்மினிக்குப் புரை ஏறிவிட்டது. அவர் ரசத்தைப் பார்த்துக்கொண்டே சாப்பிட்டார்.

ஏப்ரல் 3, வியாழன்

ரோட்டு விதிகளுக்கான கம்ப்யூட்டர் டெஸ்ட் பாஸ். என் பக்கத்தில் உட்கார்ந்த பிள்ளைகளெல்லாம் இப்போதுதான் பள்ளிக்கூடம் முடித்தவர்கள். ஒருத்தி என்னைப் பார்த்து நகர்ந்து இடம் விட்டாள், ஆசிரியை என்று நினைத்திருப்பாள்.

ஏப்ரல் 24, வியாழன்

முதல் நாள் ஓட்டம். சொல்லிக்கொடுப்பவர் ரொஹானி, மலாய்க்காரப் பெண்மணி, என்னைவிட இளையவர். எல்லாரும் சிக்கு, அதாவது டீச்சர், என்று கூப்பிடுகிறார்கள், நானும் அப்படியே.

டிவியில் கிளட்ச் கிடையாது. இதை எனக்கு யாரும் சொல்லவில்லை. கார் குதிக்கிறது, நிற்கிறது, மறுபடி குதிக்கிறது. பின்னால் ஹாரன். "பெலான் பெலான், காக்" என்றார் ரொஹானி. மெதுவா, மெதுவா, அக்கா. லெட்சுமணன் சொன்னது சரிதான், டிவி வேறு ரோடு வேறு. அவரிடம் இதைச் சொல்லப் போவதில்லை.

ஆனால் கண்ணாடியைப் பார் என்று எனக்கு ஒரு தடவைகூடச் சொல்லவேண்டியிருக்கவில்லை. வளைவில் நான் அகலமாகச் சுற்றித் திரும்புவதைப் பார்த்து, "முன்னே லாரி ஓட்டியிருக்கீங்களா காக்?" என்று மலாயில் கேட்டார். ஆமாம் என்று சொல்லிவிட்டேன்.

ஜூன் 17, செவ்வாய்

ஃபெயில். மேட்டில் நிறுத்தி எடுக்கும்போது கார் பின்னால் உருண்டுவிட்டது. மற்றதெல்லாம் நன்றாகத்தான் செய்தேன், மேடு ஒன்றில் போனது.

வீட்டுக்கு வந்து சோறு வடித்தேன், துணி மடித்தேன். அவர் வந்ததும் நானே சொல்லிவிட்டேன். இன்னொரு தீபாவளிக் கதை கிடைத்துவிட்டது என்று நினைத்துக்கொண்டேன்.

லெட்சுமணன் சிரிக்கவில்லை. சட்டையைக் கழற்றி மாட்டிவிட்டு, "நானும் மொத தடவ ஃபெயில்தான். அதே மேடுதான்" என்றார்.

இத்தனை வருஷம் இதை ஏன் என்னிடம் சொல்லவில்லை? கேட்டேன். "நீ கேக்கலயே" என்றார்.

ஜூன் 22, ஞாயிறு

நான் கேட்காமலே லெட்சுமணன் சாவியை எடுத்துக்கொண்டு, "வா" என்றார். ஒரு பேரங்காடியின் கார் நிறுத்துமிடத்தில் ஏற்றம் இருக்கிறது. அதிலே ஏறி, நிறுத்தி, எடுத்து, இறங்கி, சுற்றிவந்து மறுபடி ஏறினார். நான் பக்கத்தில் உட்கார்ந்து அவர் காலையே பார்த்துக்கொண்டிருந்தேன். "கிளட்ச் கடிக்கிற எடம் தெரியுதா? அங்க புடிச்சுக்க. அவசரப்படாத." காவலாளி வந்து என்ன விஷயம் என்று கேட்டார். "மனைவிக்கு டெஸ்ட்" என்று லெட்சுமணன் மலாயில் சொன்னார். சொன்ன குரலில் ஒரு மிடுக்கு இருந்தது. என் காதில் விழுந்தது.

ஜூலை 9, புதன்

பாஸ். மேடு, பார்க்கிங், ரோடு, எல்லாம் பாஸ்.

ரொஹானி என்னைக் கட்டிக்கொண்டார். ஷர்மினி சிங்கப்பூரிலிருந்து போனில் கத்தியதை அவள் வேலையிடத்தில் இருந்த எல்லாரும் கேட்டிருப்பார்கள். மாலையில் அவளே, புதிதாக ஓட்டுபவர்களுக்கான P ஸ்டிக்கரைக் காரில் கோணாமல் ஒட்டினாள்.

எனக்கு ஐம்பத்தைந்து வயது. இன்றைக்கு எனக்கு என்னையே ரொம்பப் பிடித்திருக்கிறது. இதை எழுத வெட்கமாக இல்லை.

ஆகஸ்ட் 7, வியாழன்

தனியாக கெலாங் பாத்தா வரை. அக்கா எனக்குப் பின்னால் எட்டிப் பார்த்து, "யாரு கொண்டாந்து விட்டா?" என்றாள். சாவியைக் காட்டினேன்.

செப்டம்பர் 14, ஞாயிறு

டிவி இன்னும் நன்றாகத்தான் இருக்கிறது. இன்றைக்கு லெட்சுமணன் கதவோரம் நின்று ஷர்மினி விளையாடுவதைப் பார்த்துவிட்டு, "குடு, நான் காட்டுறேன்" என்று வாங்கினார். முதல் வளைவிலேயே லாரி கவிழ்ந்தது. நான் சிரிக்கவில்லை. கொஞ்சம்தான்.

அக்டோபர் 26, ஞாயிறு

தீபாவளி முடிந்ததும் பத்து பகாட் ஊரிலுள்ள அக்காவின் மகன் வீட்டுக்கு. ஹைவேயில் நான் ஓட்டினேன். முன்சீட்டில் அக்கா முறுக்கு டப்பாவோடு. லெட்சுமணன் பின்னால். கூலாய் வரைக்கும், "அந்த லாரிய விட்டுத் தள்ளிப் போ", "லேன் மாறாத" என்று ஏதாவது சொல்லிக்கொண்டே வந்தார். P ஸ்டிக்கரைப் பார்த்து எல்லாரும் முந்திப் போனார்கள். போகட்டும்.

சிம்பாங் ரெங்காம் தாண்டும்போது மழை பிடித்தது. பின்னாலிருந்து பேச்சு இல்லை. கண்ணாடியில் பார்த்தேன். வாயைத் திறந்துகொண்டு நன்றாகத் தூங்கிவிட்டார்.

மாச்சாப் ஓய்விடத்தில் மழை விட்டது. நிழலாகப் பார்த்து நிறுத்தி, ஜன்னலைக் கொஞ்சம் இறக்கிவிட்டேன். அக்கா அவரைத் தட்டி எழுப்பப் போனாள்.

"தூங்கட்டும்க்கா" என்றேன். நாங்கள் இரண்டு பேரும் இறங்கிப் போய் தே தாரிக் குடித்தோம்.