குமுதாவின் பின்சீட்டு

மார்ச் 5, 2024, செவ்வாய்

டயாலிசிஸ் முடிந்து ஈப்போவிலிருந்து வரும்போது குமுதா இரண்டு முறை வண்டியை நிறுத்தச் சொன்னாள். லஹாட் தாண்டி ஒரு பஸ் நிறுத்தத்தில் தூணைப் பிடித்துக்கொண்டு நின்றாள். உட்காரத்தான் முடியவில்லையாம்.

"எலும்பு நேரா தகரத்துல உக்காந்த மாதிரி இருக்குங்க."

உடம்பில் சதை இருந்தால்தானே? இந்த நாலு வருஷத்தில் பாதி ஆளாகிவிட்டாள். எங்கள் கப்சாய் மோட்டார் சைக்கிளின் சீட்டு வேறு பலகை மாதிரி, முன்பக்கம் சரிந்து கிடக்கிறது. வழி முழுக்க என் முதுகில் வந்து இடித்துக்கொண்டே இருக்கிறாள், பாவம்.

டயாலிசிஸ் சென்டர் வேன் ஊரெல்லாம் சுற்றும்; அவளுக்கு வாந்தி வரும். ஜொகூரிலிருந்து மகன் சுரேன் "கிராப் கார் எடுங்கப்பா"ன்னு சொல்லிக்கொண்டே இருக்கிறான். பூட்டின காருக்குள் மூச்சு முட்டுது, எனக்குக் காத்து வேணும் என்கிறாள்.

வீட்டுக்கு வந்து படுத்தவள் சுவரைப் பார்த்துக்கொண்டு சொன்னாள்: "வியாழக்கிழமை போக வேணாமே."

கேட்காத மாதிரி இருந்துவிட்டேன்.

மார்ச் 7, வியாழன்

போனோம். சண்டை போட்டுத்தான்.

மார்ச் 10, ஞாயிறு

அவளிடம் பேசினேன். சீட்டை மாற்றுகிறேன், வலிக்காமல் உட்காரலாம், அதற்கு அப்புறமும் முடியவில்லை என்றால் அப்போது பேசுவோம் என்றேன்.

"சரி, மாத்துங்க. பாப்போம்."

அந்தப் "பாப்போம்" போதும் எனக்கு.

மார்ச் 14, வியாழன்

நேற்று பத்து காஜா டவுனில் ஒரு கடையில் தடியாக ஒரு ரெடிமேட் சீட்டு வாங்கி மாட்டினேன். கையால் அமுக்கினால் மெத்தை. கடையில் உட்கார்ந்தபோதும் சொகுசாக இருந்தது. இன்று ஈப்போ போவதற்குள் பஞ்சு அமுங்கி அடித்தகடு தட்டுகிறது. உயரமும் அதிகம் - ஏற முடியாமல் வாசலில் மூன்று தடவை காலைத் தூக்கித் தூக்கிப் பார்த்தாள். எதிர்வீட்டுக்காரர்கள் பார்த்துக்கொண்டிருந்தார்கள். கண்ணை மூடிக்கொண்டு நாலாவது தடவை ஏறினாள்.

முட்டாள் நான். உட்காரப் போகிறவளைக் கேட்காமல் யாராவது சீட்டு வாங்குவானா?

மார்ச் 20, புதன்

அவளையே கூட்டிக்கொண்டு புந்தோங்கில் கனகராஜின் குஷன் கடைக்குப் போனேன். அவர் முதலில் ஜெல் வைத்ததைக் காட்டினார். கொஞ்ச நேரம் வெயிலில் வைத்திருந்ததைத் தொட்டுப் பார்த்துவிட்டு, "தோசைக்கல்லு மாதிரி சுடுதுலா" என்றாள் குமுதா. கனகராஜ் சிரித்துவிட்டார். எனக்கும் சிரிப்பு. எத்தனை நாளாயிற்று!

கடைசியில் முடிவு செய்தது இது: அடியில் கெட்டி ஸ்பாஞ்ச், மேலே மெதுவானது, பின்பக்கம் அகலம். முன்னால் சரியாமல் சமமாக இருக்கணும். உயரம் கூடாமல் இருக்க, அடிப் பஞ்சை வெட்டி இறக்குவதாகச் சொன்னார். முதுகுக்கு ஒரு சாய்மானம். துணி வழுக்கக் கூடாது.

"கலர் என்ன, அக்கா?"

"கறுப்பு வேணாம், சுடும். அந்தச் செங்கல் கலரு குடுங்க."

கல்யாணப் புடவை எடுக்கும்போதுகூட இவ்வளவு நேரம் பார்க்கவில்லை.

மார்ச் 28, வியாழன்

புதுச் சீட்டில் முதல் தடவை போய் வந்தோம். எங்கேயும் நிறுத்தவில்லை. வரும்போது முதுகில் பாரம் தெரிந்தது. என்மேல் சாய்ந்து தூங்குகிறாள்! விழுந்துவிடுவாளோ என்று பயந்து அவள் கையை என் வயிற்றோடு பிடித்துக்கொண்டு ஒரு கையால் மெல்ல ஓட்டி வந்தேன். லாரிக்காரன் ஹார்ன் அடித்தான். அடிக்கட்டும்.

ஏப்ரல் 14, ஞாயிறு

வருஷப் பிறப்பு. சுரேன் வந்திருந்தான். அம்மா தெளிவா இருக்காங்கப்பா என்றான். நானும் அப்படித்தான் நினைக்கிறேன்.

மே 11, சனி

இன்று கையில் ஊசி சரியாக ஏறவில்லை. குத்தி, எடுத்து, திரும்பவும் குத்தி. நான் பார்க்க முடியாமல் வெளியே போய் நின்றேன். திரும்பி வரும்போது திரைக்கு அந்தப்பக்கம் அவள் குரல். பக்கத்துக் கட்டில் ஞானம்மா அக்காவிடம் சொல்லிக்கொண்டிருந்தாள்:

"சீட்டெல்லாம் நல்லாத்தான்கா இருக்கு. எனக்குத்தான் முடியல. கடை கடையா அலைஞ்சு பண்ணினாரு மனுஷன். அவருகிட்ட போயி வரமாட்டேன்னு எப்படிச் சொல்றது?"

உள்ளே போகவில்லை. பார்க்கிங்கில் வண்டிகிட்டயே நின்னேன். எனக்காகவா? இத்தனை நாளா எனக்காகவா அந்த ஊசியெல்லாம்?

மே 14, செவ்வாய்

காலையில் கிளம்பி, செருப்பு மாட்டி, வாசலில் நின்றாள். நான் சாவியை எடுக்கவில்லை.

"இன்னிக்குப் போக வேணாம், குமுதா."

"நெசமாவா?"

"நெசமாத்தான்."

அழுவாள் என்று நினைத்தேன். செருப்பைக் கழற்றிவிட்டு, "டீ போடவா?" என்றாள்.

மே 15, புதன்

டாக்டரைப் பார்த்தோம். அவர் அவளைத் தனியாகக் கேட்டார், பிறகு என்னை வைத்துக்கொண்டு கேட்டார். அவள் பதில் மாறவில்லை. கொஞ்ச நாள்தான் இருக்கும், வலி தெரியாமல் பார்த்துக்கொள்கிறோம் என்றார்.

சுரேன் போனில் கத்தினான். "அம்மாவக் கொல்லப் போறீங்களாப்பா?" குமுதா போனை வாங்கிக்கொண்டாள். "அப்பாவத் திட்டாத, ஐயா. நான்தான் கேட்டேன். நீ கிளம்பி வா." அதற்கப்புறம் அந்தப்பக்கம் அழுகைச் சத்தம் மட்டும்தான்.

மே 16, வியாழன்

"எங்கயாவது போலாங்க. ஊசி இல்லாத இடமா" என்றாள். காம்பார் ரோட்டில் போனோம். பழைய ஈயச் சுரங்கக் குட்டை ஓரம் ஒரு இளநீர்க் கடை. தண்ணீரையே அளந்து குடித்தவள், இளநீர் பக்கமே போகக் கூடாது என்று சொல்லப்பட்டவள். வண்டியிலிருந்து இறங்காமலே ஒரு முழுக் காயைக் குடித்தாள். நான் தடுக்கவில்லை. வழுக்கையையும் சுரண்டித் தரச் சொன்னாள்.

"நல்லா இருக்காம்மா?"

தலையை ஆட்டினாள். மோவாயில் வழிந்ததைத் துடைத்துவிட்டேன்.

மே 27, திங்கள்

காலையில் குமுதா போய்விட்டாள். சுரேன் அவள் கையைப் பிடித்திருந்தான்.

ஜூன் 29, சனி

மீந்த மருந்துப் பஞ்சு, கட்டுத்துணியெல்லாம் சென்டரில் கொடுக்கப் போனேன். அவள் கட்டிலில் இப்போது அனுஜா என்று ஒரு பெண். சின்ன வயசு. வெளியே அவள் புருஷன் சுகுமார் என் வண்டியையே சுற்றிச் சுற்றிப் பார்த்துக்கொண்டிருந்தான்.

"அண்ணே, இந்தச் சீட்டு எங்க செஞ்சீங்க? இவளுக்கு உக்கார முடியல."

இதையே கழற்றித் தருகிறேன் என்று சொல்லிவிட்டேன். எப்படிச் சொன்னேனோ! டயாலிசிஸ் முடிந்து அனுஜா வந்ததும் ஏற்றி உட்கார வைத்தோம். நெட்டையான பெண். முட்டி மேலே வந்துவிட்டது; சாய்மானம் இடுப்புக்குக் கீழே நிற்கிறது. இது குமுதாவுக்கு வெட்டினது.

"இது ஆகாது, தம்பி. தங்கச்சியவே கடைக்குக் கூட்டிட்டுப் போங்க. அவங்க உக்காந்து பாக்கணும்."

"எனக்கு இதெல்லாம் தெரியாதுண்ணே. நீங்க கூட வாரீங்களா?"

புதன்கிழமை வாரேன் என்றேன்.

அந்தப் பெண் இறங்குவதற்கு என் தோளைப் பிடித்தாள். கை சில்லென்று இருந்தது. இவர்கள் எல்லோருக்கும் மெஷினிலிருந்து வந்தால் அப்படித்தான் இருக்கும்.

"மெதுவா இறங்கும்மா" என்றேன். "அவசரமில்ல."