பொட்டலில் இறங்கிய காற்று

ஏப்ரல் 16, 2006

விடுமுறை என்று பெயர். ஹெலிகாப்டர் இறக்கை பற்றிய ஆய்வேடு ஒரு வரி நகரவில்லை. இறக்கை நுனியில் சுருளும் காற்று மண்ணைப் பிடுங்கி மேலே எறிகிறது; இறக்கை அதையே மறுபடி கீழே தள்ளுகிறது. விமானிக்குத் தரை மறைந்துபோகிறது. என் சமன்பாடுகளில் தூசி இருக்கிறது, கண்ணில் விழுவதில்லை.

மாலையில் அம்மாவோடு, காயப்போட்ட மிளகாய் வத்தல் புரட்டினேன். கை எரிகிறது.

ஏப்ரல் 19

வெம்பக்கோட்டைக்குத் தேர்தல் கூட்டத்தில் பேச யாரோ தலைவர் வருகிறாராம். ஹெலிகாப்டரில். இறங்குவது எங்கள் தெரு வத்தல் காயும் இடத்தை ஒட்டிய பொட்டலில்.

"அது அங்கன எறங்குது, வத்தல் இங்கன கெடக்கு. ஒனக்கென்ன தாயி?" என்றாள் அம்மா.

காற்று விழுந்த இடத்தில் நிற்காது, தரையில் மோதி நாலாபக்கமும் ஓடும் என்றேன். அவள் முகம் மாறியது.

"மண்ணு ஏறின வத்தல விருதுநகர்ல எவன் தொடுவான்?"

இந்த வருஷம் எங்களுக்கு இந்த ஒரு வெள்ளாமைதான்.

ஏப்ரல் 20

தார்ப்பாய் போட்டால் பறந்து இறக்கையில் சிக்கும். அரைகுறையாய்க் காய்ந்ததை மூட்டை கட்டினால் பூசணம். வேறு இடம்? சுற்றிலும் வெடித்த கரிசல்.

"எறக்கைய நீளமாப் போட்டா காத்து மெதுவா வராதா?" என்றாள் அம்மா.

வரும். என் மூன்றாம் அத்தியாயமே அதுதான். "நாளக்கழிச்சு வர்றதுக்குள்ள யாரும்மா நீட்டுறது?" சிரித்தோம்.

ஏப்ரல் 21

நாளை வருகிறார்கள்.

காலையில் போனால் — அம்மாவும் சண்முகத்தாய் சித்தியும் பொட்டலைக் கூட்டிவைத்திருக்கிறார்கள். பளிச்சென்று. "தூசி இல்லாம எடுத்துட்டோம்ல?"

அய்யோ அம்மா. இறுகிக் கிடந்த மேல்மண்ணைக் கிளப்பி மாவாக்கிட்டியே. கத்திவிட்டேன். அவள் விளக்குமாறோடு அப்படியே நின்றாள். ஏன் கத்தினேன்?

பிறகுதான் தோன்றியது. பயறு அடிக்கும் களத்தை எப்படி இறுக்குகிறோம்? சாணி மெழுகி. வெறும் தண்ணீர் விடிவதற்குள் காய்ந்துவிடும்.

தண்ணீர் தெளிக்க வந்த லாரிக்காரர் பெத்தணன் அலறினார்: "லாரிக்குள்ள சாணியக் கரைக்கவா? நாளைக்கு இதுலதான் குடிதண்ணி அடிக்கணும்!" டிரம்மில் கரைத்தோம். வத்தல் போட்டிருந்த வீடெல்லாம் வாளியோடு வந்தது. வத்தல் விளிம்பு வரை மெழுகினோம். "ஏலே, ஹெலிகாப்டருக்கு வாசல் தெளிக்காகளாம்லே!" — கட்சிக்காரர்கள்.

சாயங்காலத்துக்குள் காய்ந்து இறுகிவிட்டது. அம்மா இன்னும் என்னோடு பேசவில்லை.

ஏப்ரல் 22

இறங்கியது.

மெழுகிய தரை அசையவில்லை. அதற்கும் அப்பால், ஓடை பக்கம் மட்டும் ஒரு பழுப்புத் திரை எழுந்து தூரமாய்ப் போனது. முன்வரிசை வத்தல் உருண்டது. பொறுக்கிக்கொள்ளலாம்.

அந்த இரைச்சலில் அம்மா என்னவோ சொன்னாள். கேட்கவில்லை. என் கையைப் பிடித்திருந்தாள் — எரிகிற கை, அவளுடையதும்.

ஏப்ரல் 23

பேசிவிட்டாள். "அடுத்து எப்ப வருவாக? களம் சும்மாதான கெடக்கு."

ஜூன் 11, சென்னை

மூன்றாம் அத்தியாயம் முடிந்தது.

விடுதிக்கு அம்மாவின் பொட்டலம். இந்த வருஷத்து வத்தல் பொடி. சோற்றில் போட்டு, நல்லெண்ணெய் விட்டுப் பிசைந்தேன். மெதுவாக, தேடித் தேடி மென்றேன்.

மண் இல்லை.