பதினான்காவது மரம் வரை

பெரியப்பா,

சகலருக்கும் அறிவிப்பது யாதெனில், லூனாஸ் வட்டாரத்தில் பெரிதும் மதிக்கப்பட்ட உங்கள் வலது கால் சிலிப்பர் இன்று காலை காலமானது. எங்கள் நாய் அதைக் கவ்விப் போய்க் கால்வாயில் போட்டுவிட்டது. இடது கால் சிலிப்பர் ஆழ்ந்த துக்கத்தில் இருக்கிறது.

இறுதி மரியாதை செலுத்தக் குனிந்தபோதுதான் பார்த்தேன். குதிகாலின் ஒரு பக்கம் மட்டும் காகிதமாகத் தேய்ந்திருந்தது. வளைந்துபோன உங்கள் முட்டி ஒவ்வோர் அடியிலும் பாரத்தை அந்தப் பக்கம்தான் தள்ளியிருக்கிறது.

போன வருடம் கிளினிக்கிலிருந்து வந்து, பக்கத்து வீட்டுக்காரனான என்னிடம்தான் முதலில் சொன்னீர்கள். மூட்டு தேய்ந்துவிட்டது, திரும்ப வளராது. தினமும் கொஞ்சம் நடந்தால் கால் தாங்கும். வலி கூடினால் அங்கேயே நின்று திரும்பிவிட வேண்டும். அன்றைக்கே ஜொகூரிலிருந்து உங்கள் மகள் போன் செய்தார்.

"தீபாவளிக்கு நான் வரும்போது தனியா கடை வரைக்கும் நடந்து காட்டணும்பா. இல்லன்னா என்னோட கிளம்பிறணும். பதினோராவது மாடிதான், லிஃப்ட் இருக்கு."

போனை வைத்துவிட்டு, "லிஃப்ட்டுக்குள்ள எங்கடா நடக்கிறது?" என்று என்னைக் கேட்டீர்கள். அந்த நொடியே நான் கோச் பதவியை ஏற்றுக்கொண்டேன். சம்பளம், தினம் ஒரு ரொட்டி சானாய்.

வீட்டுக்குப் பின்னால் மிச்சமிருந்த ரப்பர் மரங்களுக்கு நடுவே நடந்தோம். முப்பது வருடம் மரம் சீவியவர் அல்லவா? வரிசையாய் நிற்கும் ஒரு நிரை மரத்துக்குள் நுழைந்தால் கடைசி மரத்தைத் தொடாமல் திரும்ப உங்களுக்குத் தெரியவில்லை.

"நில்லுங்க பெரியப்பா, வலிக்குதுல்ல?"

"நிரையப் பாதியில விட்டா, தோட்டத்துக் கணக்கெழுதுற கிராணி அத அடுத்தவனுக்குக் கொடுத்துருவான்டா."

"கிராணி செத்து எத்தன வருசம் ஆச்சு லா!"

"அவன் ஆவி இங்கதான் சுத்துது. நடடா குரங்கே."

கடைசி மரம் வரை போனால் அவ்வளவு தூரமும் திரும்பி வர வேண்டுமே. முட்டி பப்பாளியாய் வீங்கும். இரண்டு நாள் படுக்கை. மூன்றாம் நாள் மறுபடியும் கடைசி மரம். "இது மூட்டுவலி இல்ல, மூட்டை வலி. மூட்ட மூட்டையா வருது" என்றேன். சிரிக்கப் போய் வலியில் மரத்தைப் பிடித்துக்கொண்டீர்கள்.

அப்புறம்தான் எட்டாவது மரத்தில் சிவப்பு ராஃபியா கயிறு கட்டி ஓர் அட்டையைத் தொங்கவிட்டேன். 'புதிய கிராணி உத்தரவு: இன்று முதல் நிரை இங்கே முடிகிறது.' நீங்கள் சத்தமாகப் படித்தீர்கள். அட்டைக்கு ஒரு சல்யூட் வைத்தீர்கள். திரும்பிவிட்டீர்கள்! அன்று முட்டி வீங்கவில்லை. அடுத்த வாரம் கயிறு ஒன்பதாவது மரத்துக்குப் போனது, பிறகு பத்து. கிளினிக்கால் முடியாததை என் அட்டை முடித்தது. மழையோ பனியோ, ஒரு நாள்கூடத் தவறாமல் விடியற்காலையில் உங்கள் கேட்டில் நின்ற கோச் உலகத்திலேயே நான் ஒருவன்தான். பதினான்காவது மரம் வரை வந்தோம். இருபதைத் தொட்டால் கடைத் தூரம் சரியாகிவிடும் என்றீர்கள்.

ஆனால் தீபாவளிக்கு ஒரு மாதம் இருக்கும்போதே உங்கள் மகள், ஜொகூர் அக்கா, காரோடு வந்து நின்றார். வலது காலை இரண்டு கையாலும் தூக்கிக் காருக்குள் வைத்துக்கொண்டீர்கள். அக்கா புதுச் சப்பாத்து வாங்கி வந்திருந்ததால் சிலிப்பர் உங்கள் வாசலிலேயே தங்கிவிட்டது.

பிறகு ஒருமுறை போனில், "நடக்கிறீங்களா?" என்று கேட்டேன். "கதவுலேர்ந்து லிஃப்ட் எட்டு அடிடா. அதுக்கு எதுக்கு கோச்சு?" என்றீர்கள். அடுத்த முறை அந்த எட்டு அடியும் இல்லை. அதற்கடுத்து நீங்களே இல்லை.

ஒரு நாள்கூடத் தவறவில்லை என்று எழுதினேனே, அது பொய். பள்ளி விடுமுறை தொடங்கியதும் ஒன்பது நாள் வரவில்லை. கேட்டில் நின்று நீங்கள் கூப்பிட்டது கேட்கத்தான் செய்தது. போர்வையை இழுத்து மூடிக்கொண்டேன். அந்த வாரம்தான் அக்கா எனக்குப் போன் செய்தார்.

"உண்மையச் சொல்லு தம்பி, அப்பாவால முடியுதா?"

"முடியலக்கா. வந்து கூட்டிட்டுப் போயிருங்க."

உங்களால் முடிந்தது, பெரியப்பா. என்னால்தான் எழுந்திருக்க முடியவில்லை.